கைப்பக்குவம்

கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, மாத்திரையைச் சின்ன உரலில் போட்டு நுணுக்கினாள்.

ஆவாரம்பூ, நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான்.

இந்தக் கசப்புக்குள் எதையும் ஒளித்துவைக்கலாம்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை அவள் கணவர் ஜன்னல் வழியே வீசிய அன்று, அவள் வாதாடிப் பார்த்தாள். உனக்கு என்ன தெரியும் என்றார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கடையில் வாங்கி வந்து நுணுக்கினாள்.

சர்க்கரை இறங்கியது.

மூலிகையால் இறங்கியது என்று அவர் தெருவெல்லாம் சொன்னார்.

இப்போது கூடத்தில் தன் தங்கை பானுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பானு இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். பச்சைச் சிறுகுறிஞ்சான் இலையை அவளை மெல்லச் சொல்லி, மேலே ஒரு வாய் சீனி கொடுத்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"மண்ணைத் தின்ன மாதிரி இருக்குண்ணே."

"பாத்தியா? நாக்குல இனிப்பைக் கொன்ன இலை, ரத்தத்துல கொல்லாதா? ஊசியெல்லாம் எதுக்குட்டி? தூரப் போடு. உன் மைனி பொடி இடிச்சுத் தருவா."

உரலில் அவள் கை நின்றது.

பானுவின் வீட்டில் நுணுக்கிக் கலக்க யார் இருக்கிறார்கள்?

இருந்தாலும், ஊசியை நுணுக்க முடியாது.

கதவைத் திறந்தாள்.

"பானு, இங்க வா. பக்குவம் சொல்லுதேன்."

பானு உள்ளே வந்தாள். அவள் உரலைக் காட்டினாள். பக்கத்தில் கிழிந்த மாத்திரை அட்டை.

பானு அட்டையை எடுத்துப் பெயரைப் படித்தாள்.

"அண்ணனுக்கு?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். தெரியாது.

"என்னட்டி, கத்துக்கிட்டியா?" கூடத்திலிருந்து குரல்.

"கத்துக்கிட்டேண்ணே."

பானு கையிலிருந்த ஊசிப் பெட்டியைத் தோள்பையின் அடியில் திணித்தாள். வெள்ளைத் தூளைத் தானே வழித்து டம்ளரில் போட்டாள். கஷாயத்தை ஊற்றிக் கலக்கினாள். எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் குடிக்கும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம்.

"மைனிக்கு என்ன தெரியும்ணே" என்றாள் பானு. "எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்த பக்குவந்தான்."

அவர் சிரித்தார். நன்றாக, வயிறு குலுங்க, நெடுநாள் இருக்கப்போகிறவரைப் போல.

அவள் உரலைக் கழுவினாள். தண்ணீர் கொஞ்ச நேரம் வெள்ளையாக ஓடியது. பிறகு தெளிந்துவிட்டது.