றஸ்மியாவின் சம்மதம்

மார்ச் 12. காலையில் அவள் ஒரு சின்னத் தவறு செய்தாள். கேட்காமலே ஜவாஹிரின் சட்டையைக் கழற்றப் போனாள்.

"அந்நியப் பொம்புள என்னத் தொடப்படாது!"

முதுகில் படுக்கைப் புண்; கழுவியே ஆகவேண்டும். பக்கத்து வீட்டு ஜிப்ரியைக் கூப்பிட்டாள். அவன் வந்து, அண்ணனிடம் பேசுவதுபோல் ஜவாஹிரிடம் சொன்னான்.

"நானா, மாத்தளை டவுன் முழுக்கத் தேடியாச்சி. புண் கழுவத் தெரிஞ்ச வேற ஆள் இல்ல."

"அதுக்கு? இவ எனக்கு யாரு?"

"அப்ப இவங்களையே கலியாணம் முடிங்களேன்!"

ஜவாஹிர் அவளை நெடுநேரம் பார்த்தார். "நல்ல பொம்புளதான். ஆனா என்ட பொண்டாட்டி றஸ்மியா மனசு நோகும். அவக்கிட்ட கேட்டுட்டு வா."

அவள் குசினிக்குள் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கேட்டேன். றஸ்மியாவுக்குச் சம்மதமாம்."

அவர் முதுகைக் காட்டினார். தன்னை மறந்துபோன புருஷனின் முதுகில் றஸ்மியா மெல்ல நீரை ஊற்றினாள்.

நாளைக் காலை, சட்டையைத் தொடுவதற்கு முன்பே ஜிப்ரியைக் கூப்பிட வேண்டும்.