பங்கேற்பாளர் எண் ஒன்று

“இந்த முதல் ஆளை மட்டும் என்னால நம்ப முடியலீங்கம்மா” என்றார் பேராசிரியர் ஈஸ்வரன்.

கருத்தரங்கு அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சகாயசெல்வியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஈஸ்வரன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

அவளுடைய ஆய்வு ஒரு சின்னக் கேள்விதான். மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் எழுதும் நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்து டிக் போட வேண்டும். அவசரத்தில் பலர் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். பிறகு தவறு வெளியே வந்தால், டிக் போட்டவர் ஒத்துக்கொள்வாரா, பேசாமல் இருந்துவிடுவாரா?

பேசாமல் இருப்பதுதான் லாபம் என்கிறது, யார் எப்படி நடந்தால் லாபம் என்று கணக்கிடும் ஆட்டக் கோட்பாடு.

சகாயசெல்வி அறுபத்திரண்டு பேரின் அனுபவங்களைத் தொகுத்திருந்தாள். ஒத்துக்கொண்டவரைத்தான் மற்றவர்கள் நாளாக ஆக அதிகம் நம்புகிறார்கள் என்று எண்களோடு காட்டியிருந்தாள். பேசாமல் இருந்து லாபம் அடைந்தவர்களுக்கு அவள் எடுத்துக்கொண்ட முதல் சான்று, பங்கேற்பாளர் எண் ஒன்று.

மருந்துக்கடைகளுக்கான ஒரு மென்பொருள், காலாவதித் தேதியை ஒரு மாதம் தள்ளிக் காட்டிவிட்டது. நிரலை எழுதியவருக்கு வேலை போனது. படிக்காமல் டிக் போட்ட இந்த எண் ஒன்று, விசாரணைக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவருக்குப் பதவி உயர்வு.

“ப்ரமோஷன் வாங்குன ஆள் உங்ககிட்ட வந்து எதுக்குங்கம்மா இதைச் சொல்லணும்? தீசிஸ் நல்லா வரட்டும்னு நீங்களே எழுதிட்டீங்களோ?”

ஈஸ்வரன் பேனாவை மூடினார்.

பங்கேற்பாளர்களின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அதைச் சொல்லத்தான் அவளுடைய நெறியாளர் பாதி எழுந்தார். அவர் சொன்னால் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டு, இன்னும் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள்.

இரண்டாவது வரிசையில் அம்மா, தன்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் நான்கு பேரை உட்கார வைத்திருந்தார்.

சகாயசெல்வி நெறியாளரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“அது நான்தான் சார்.”

சொல்லிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

“ஆறு வருசம் ஆச்சு. அன்னைக்கு அந்த ஃபைலை நான் தொறந்துகூட பாக்கல. டிக் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”

டீச்சர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்களே உங்களப் பத்திச் சொல்றதுக்கு என்னங்கம்மா சான்று?”

நியாயமான கேள்வி. பதிவுகளைக் காட்ட அந்த நிறுவனமே இப்போது இல்லை.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

“நான் இருக்கேன் சார். பாண்டியராஜ், ஊரு குஜிலியம்பாறை. அந்தக் கோடிங் எழுதுனது நான்தேன்.”

எல்லோரும் திரும்பினார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார்.

“வேலை போனப்புறம் கம்பெனிக்காரக யாரும் எட்டிப் பாக்கல. ரெண்டு வருசங்கழிச்சு இவங்க ஒருத்தர்தேன் பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்து, நான் படிக்காமத்தேன் போட்டேன்னு எங்க அய்யா முன்னாடி சொன்னாங்க. வெளிய போங்கன்னு கத்தி விட்டுட்டேன்.”

அவர் சகாயசெல்வியின் பக்கம் கையைக் காட்டினார்.

“அவங்க சொல்றது நெசம் சார்.”

ஈஸ்வரன் பேனாவைத் திறந்தார். அறிக்கையின் மூன்று பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று, “வாழ்த்துகள், டாக்டர் சகாயசெல்வி” என்றார்.

முதலில் கைதட்டியது அம்மா. டீச்சர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். வெளியே நின்ற மாணவர்களும் உள்ளே வந்து தட்டினார்கள். சகாயசெல்வி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு வருடம் கழித்து அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது.

சத்தம் அடங்கியதும் ஈஸ்வரன் பாண்டியராஜைக் கூப்பிட்டார்.

“வெளிய போகச் சொன்ன ஆளு, இன்னைக்கு எதுக்குங்க வந்தீங்க?”

“இவங்க நம்பிக் குடுத்த வேலையா வந்தேன் சார். தப்பு எதுவும் கெளம்புனா நான்தேனே பதில் சொல்லணும்” என்றார் பாண்டியராஜ். “கடைசிப் பக்கத்துல பாருங்க.”

ஈஸ்வரன் ஆய்வேட்டைத் திருப்பினார். ஆய்வின் எண்களைக் கணக்கிட சகாயசெல்வி எழுதிய நிரல் நாலாயிரத்து இருநூறு வரிகள் பின்னிணைப்பில் இருந்தன. அதன் அடியில் இப்படி அச்சாகியிருந்தது:

ஒவ்வொரு வரியும் படித்துச் சரிபார்த்தவர்: மு. பாண்டியராஜ்.