இன்னும் சுருக்கி அனுப்பு

"இன்னும் சுருக்கு" என்றார் டொக்டர் கனகசிங்கம், கதிரையை விட்டு எழும்பாமலே.

ஆஸ்பத்திரியில் இதயப் படம் எடுத்து அனுப்புகிற கண்ணகை கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தாள். திரையில் அன்னப்பூரணியின் இதயம், நாலு அறைகளோடும் சாம்பல் நிறத்தில் நின்றது.

பதினைந்து வயதுப் பிள்ளை. வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து தேற்றாத்தீவு முகாமில் இருப்பவள். நெஞ்சு படபடக்கிறது, மயக்கம் வருகிறது என்று தாய் கூட்டி வந்திருந்தாள்.

கொழும்பில் இருக்கிற இதய நிபுணர் இந்தப் படத்தைப் பார்த்து 'அனுப்பு' என்று எழுதினால்தான் பயணப் பாஸ் கிடைக்கும், அம்புலன்ஸ் சோதனைச்சாவடிகளைத் தாண்டும். அவர் எழுதாவிட்டால் பிள்ளை முகாமுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

டொக்டர் கனகசிங்கத்துக்கு இந்த எக்கோ ஸ்கேன் படத்தைப் பார்த்து நோய் சொல்லத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

நிபுணருக்கோ பெரிய கோப்பு ஆகாது. மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிடுமாம். அசையும் படம் வேண்டாம், ஒரே ஒரு நிலைப்படம் போதும். இரத்தம் ஓடும் திசையைச் சிவப்பிலும் நீலத்திலும் காட்டும் படமும் வேண்டாம், கனம் கூடும். அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்பதுபோல இதயத்தைக் கேட்கிற மனுசன்.

இப்படிச் சுருக்கக் கூடாதென்று டொக்டரோடு சண்டை பிடித்தவள் கண்ணகை. வாவியில் இறால் பிடிக்கிற வீட்டிலிருந்து பட்டம் எடுத்த முதல் ஆள். படங்களைச் சுருக்குவதுதான் அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. கண்டபடி சுருக்கினால் மங்கலான கோடுகள்தான் முதலில் அழியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் மருத்துவப் படங்களுக்கு உலகம் முழுக்க ஒரு நியமம் இருக்கிறது: எத்தனை மடங்கு சுருக்கினாய் என்பதைப் படத்தோடு சேர்த்தே எழுது.

அந்த நியமத்தை அச்செடுத்து டொக்டரின் மேசையில் வைத்தாள். அவர் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

போன மாதம் ஏறாவூர் முகைதீன்பாவாவின் படத்தையும் இப்படித்தான் நசுக்கி அனுப்பினார்கள். இதயத்துக்குள் ஒட்டியிருந்த இரத்தக்கட்டி ஏற்கெனவே மங்கல். சுருக்கியதும் அதுவும் காணாமல் போயிற்று. 'பிரச்சினை இல்லை' என்று கொழும்பிலிருந்து ஒரு வரி வந்தது. அந்தக் கிழமை முடியுமுன்னே மனுசன் மௌத்து, அடக்கமும் முடிந்தது. கண்ணகை கோபத்தில் மூலப்படத்தையே நிபுணருக்கு அனுப்பி வைத்தாள். 'தயவுசெய்து சிறிய கோப்புகளை அனுப்பவும்' என்று பதில் வந்தது.

"என்னகா புள்ள, நியமம் நியமம் எண்டு குதிப்பாய், இண்டைக்குச் சத்தத்தைக் காணல்ல?" என்றார் டொக்டர்.

வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம் செல் குண்டு விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

கண்ணகை படத்தின் தர அளவைக் குறைத்தாள். ஐம்பது. பிறகு இருபது. படம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடையத் தொடங்கியது.

வாசலில் நின்ற தாய் சின்னத்தங்கம் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"ஓட்டை தெரியுதா, மிசி?"

"இன்னும் இல்ல. பொறுங்க."

வெளியே அன்னப்பூரணி, முகாமுக்குக் கொண்டுபோக இரண்டு பிளாஸ்டிக் கான் நிறையத் தண்ணீர் பிடித்து, இரண்டையும் ஒரே தூக்காகத் தூக்கி வந்தாள். சின்னத்தங்கம் பல்லைக் கடித்தாள்.

"கீழ வைகா. நீ நெஞ்சு வருத்தக்காரி."

டொக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எப்போது நோயாளியைப் பார்த்தார்?

"இவ்வளவு காணும், அனுப்பு."

கண்ணகை இன்னும் குறைத்து, ஐந்தில் நிறுத்தினாள். நியமம் கேட்கும் அந்தக் குறிப்பை எழுதவில்லை. அனுப்பினாள்.

டொக்டரின் தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'மேலறைகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை. உடனே அனுப்பவும்.'

வழக்கம்போல ஒரு வரி. மூலப்படம் எங்கே, எத்தனை மடங்கு சுருக்கினீர்கள், ஒரு கேள்வி இல்லை.

"பாத்தியா? எவ்வளவு சின்னப் படமெண்டாலும் அவருக்குத் தெரியிது. நீயும் உன்ர நியமமும்." டொக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

சின்னத்தங்கம் உள்ளே வந்து கண்ணகையின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

எக்கோ எடுக்கும்போது அவள் காதோடு காதாகச் சொல்லியிருந்தாள். சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வெள்ளை வான் வண்டியில் முகாமுக்கு வந்தவர்கள் அன்னப்பூரணியின் வயதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போன வீடுகளுக்கு அவர்கள் திரும்ப வந்தால், பிள்ளையோடுதான் போவார்கள்.

கண்ணகை மூலப்படத்தைத் திறந்தாள். மேலறைகளுக்கு நடுவே மெல்லிய சாம்பல் கோடாக, சுருக்கிய படத்தில் அழிந்துபோன அந்தச் சுவர், மேலிருந்து கீழ்வரை, எங்கேயும் அறாமல் நின்றது. நோயென்று ஒரு புள்ளிகூட இல்லாத இதயம்.

அதை அழித்தாள்.

கொழும்பில் திரும்ப எக்கோ எடுப்பார்கள். ஒன்றும் இருக்காது. பெரிய டொக்டர்மார் கூடி நின்று தலையைச் சொறியட்டும். அதற்குள் பிள்ளை, வான்காரர்களின் கை எட்டாதபடி, மன்னம்பிட்டிப் பாலத்தைத் தாண்டியிருப்பாள்.