கிராப்

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்கு, பிரம்மதேசத்திலிருந்து பெரியதம்பி வந்தார். பைக் விபத்தில் இறந்த மகன் பூவரசனின் படத்தைக் காரியத்துக்குப் பெரிதாக்க வேண்டும்.

“பேக்ரவுண்டை நீலமா மாத்தி, கிராப் பண்ணிக் குடும்மா.”

படத்தை மார்போடு வெட்டிக் கொடுத்தேன். கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

“முடியைக் கிராப் வெட்டச் சொன்னா, எம்புள்ளையப் பாதியா வெட்டி வச்சிருக்க.”

காதை மூடி வளர்த்திருந்த அந்த முடிக்காகத்தான் அப்பாவுக்கும் மகனுக்கும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லையாம்.

எனக்கும் கோபம்தான். கிராப் என்றால் எங்கள் வேலையில் படத்தை வெட்டுவதுதான் அர்த்தம். இருந்தாலும் காது தெரிய முடியை அழித்து, ரீடச் செய்து, பிரேம் போட்டுக் கொடுத்தேன். பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் பிரேமை என் மேசையில் போட்டார். படத்தில் முடி காதை மூடியிருந்தது.

“ஏமாத்திக்கினு இருக்கியா?”

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். “நீங்களே பாருங்க, காது தெரியுது இல்ல?”

தெரிந்தது. மறுபடி பிரிண்ட் எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே பிரேமில் வைத்து ஆணி அடித்தேன்.

காரியத்துக்கு முதல் நாள் மீண்டும் வந்தார். ஆணிகள் அடித்தபடியே இருந்தன. முடி தோளில் புரண்டது.

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிரேமைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“செத்தும் அப்பன் பேச்சைக் கேக்க மாட்ட இல்ல?”

பிறகு என்னிடம் அதே கோபத்தோடு சொன்னார்.

“கீழ நெறைய எடம் வுட்டுப் பெருசாப் போடு. கிராப் பண்ணாத.”