இங்கிலீஷ் தெரிந்தவள்

படகிலிருந்து அகதாவைக் கைபிடித்து மெல்ல இறக்கிவிட்டான் அவள் கணவன் பொமாட். வீங்கிய இடது கன்னத்தை அவள் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். லோரெங்காவ் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் பல் மருத்துவ முகாமுக்கு வரிசையில் நின்ற பெண்கள் அவர்கள் இருவரையும் ஏக்கத்தோடு பார்த்தார்கள்.

"நான் செத்தாக்கூட என் வீட்டுக்காரன் துணைக்கு வரமாட்டான். நீ கொடுத்து வச்சவ" என்றாள் மீன் விற்கும் ஒருத்தி.

அகதா தலையை மட்டும் ஆட்டினாள். பொமாட் சுண்ணாம்பைத் தொட்டு நாக்கில் தடவிக்கொண்டு, சிவந்த பற்கள் தெரியச் சிரித்தான். விடிந்ததிலிருந்து அது அவனுக்கு நாலாவது பாக்கு.

முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா ஆஸ்திரேலியாக்காரர். ஆங்கிலம் தவிர வேறு பேச்சு கிடையாது. பொமாட்டுக்கு அதில் ஒரு வார்த்தைகூட வராது. கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த அகதாவுக்கு நன்றாகவே வரும்.

டாக்டரம்மா அவள் வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். "இந்தப் பல்லு எப்படிம்மா உடைஞ்சுது? ஏற்கெனவே மூணு பல்லைக் காணோம். எல்லாம் இந்த ஒரே பக்கம்."

"என்ன கேக்குறா?" பொமாட்டின் கை அகதாவின் தோளில் இறுகியது.

"எத்தனை நாளா வலிக்குதுன்னு கேக்குறாங்க" என்று அவனிடம் சொன்னாள். டாக்டரம்மாவிடம், "படகுல வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள்.

டாக்டரம்மா அவளையும் தோளிலிருந்த கையையும் பார்த்தார். உடைந்த பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வைத்துவிட்டு, "பாக்கு போடுற எல்லாருக்கும் வாயைப் பாக்குறோம். அவரையும் உக்காரச் சொல்லு" என்றார்.

"என் பல்லு தேங்காயே உரிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பொமாட் நாற்காலியில் சாய்ந்தான்.

டாக்டரம்மா அவன் நாக்கை ஒதுக்கிவிட்டு, கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். "வலிக்குதான்னு கேளு."

கேட்டாள். பொமாட் இல்லையென்று தலையசைத்தான்.

"வலிக்காம இருக்கிறதுதான் மோசம்" என்றார் டாக்டரம்மா. "உள்ள வெள்ளையும் சிவப்புமா ஒரு திட்டு இருக்கு. புற்றுநோயோட ஆரம்பம்னு சந்தேகப்படுறேன். இப்பவே சோதிச்சு வெட்டி எடுத்தா பொழச்சுக்குவார். ஒரு வருஷம் விட்டா தாடையே போயிடும். அப்புறம் ஆளே இல்ல. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரணும், பாக்கை இன்னிக்கே நிறுத்தணும். ஒரு வார்த்தை விடாம அவருக்குச் சொல்லிடும்மா."

பஞ்சைக் கடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள் அகதா. டாக்டரம்மா நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"இவ்வளவு நேரம் என்னடி சொன்னா?"

அகதா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படிப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"உங்க வாய்ல ஒரு குறையும் இல்லியாம். பாக்கை விடவே வேணாமாம்."