கரிச்சானின் இணைப்பு

முயல் வீட்டுக் கல்யாணத்துக்கு டிஜேயாக வந்தது கரிச்சான் குருவி. எந்தப் பறவையின் குரலும் அதற்கு வரும். குயில் பாட்டுக்கு மயில் ஆடிக்கொண்டிருந்தபோது, கரிச்சான் கௌதாரிப் பாட்டுக்கு மாறத் தொடங்கியது. இரண்டையும் குழைத்து, கண்ணை மூடி, தன் திறமையில் தானே சொக்கி, இழுத்துக்கொண்டே போனது.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மயில் கேட்டது: "இப்ப ஓடுறது எந்தப் பாட்டுங்க?"

"பாட்டு பிறகு வரும். இது இணைப்பு. ரசிக்கத் தெரியணும்" என்றது கரிச்சான், கண்ணைத் திறக்காமலே.

திறந்தபோது பந்தலில் ஒருவருமில்லை. எல்லாரும் குளத்தங்கரையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே தவளை ஒரு பாட்டை முடித்து, ஓர் ஈயைப் பிடித்து விழுங்கிவிட்டு, அடுத்ததைத் தொடங்கியது.

"இதுக்குப் பேர் இணைப்பா?" என்று அங்கே பறந்து வந்து ஏளனமாகக் கேட்டது கரிச்சான்.

"இல்லீங்க. அந்த நேரத்துல நாங்க தண்ணி குடிச்சுக்குறோம்" என்றது மயில், ஆட்டத்தை நிறுத்தாமல்.