பால் காய்ச்சும் நேரத்தில் பாதரசம்

“ஒருத்தரும் இதில நிக்க வேண்டாம்! எல்லாரும் வெளியால போங்கோ!”

தவராசா போட்ட சத்தத்தில், புது வீட்டில் பால் காய்ச்சுவதைப் பார்க்க வந்த சொந்தபந்தம் முழுவதும் லண்டன் லூயிஷாம் குளிருக்குள் வந்து நின்றது. பட்டுச்சேலைக்கு மேல் ஒரு கோட் எடுத்துப் போடக்கூட அவர் விடவில்லை.

தவராசா ஹீட்டிங் வேலை செய்பவர். புது பொய்லர் பூட்டியாயிற்று. நடைச் சுவரில் இருந்த பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதுதான் மிச்சம். வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற அந்த வட்டப் பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குமிழும், குமிழுக்குள் பாதரசமும் இருக்கும். கொஞ்ச நேர வேலைதான் என்று சொல்லி, நல்ல நேரத்துக்கு முன்னமே வந்திருந்தார்.

இப்போது அந்தப் பெட்டி நிலத்தில் கிடந்தது. குமிழ் நொறுங்கி, பாதரசம் குட்டிக் குட்டி உருண்டைகளாக நடை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

சொந்தக்காரி சிவகௌரி, உதவி செய்வோமே என்று திரும்ப உள்ளே போய், தூசு உறிஞ்சும் ஹூவரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“ஐயோ, ஹூவர் போடாதேங்கோ! போட்டால் வீடு முழுக்க நஞ்சுக் காத்துத்தான்!”

“நல்ல நாளும் அதுவுமா நஞ்செண்டு கதைக்கிறார் பாருங்கோவன்.” சிவகௌரியின் முகம் கறுத்துவிட்டது.

தவராசா காதில் வாங்கவில்லை. ஹீட்டிங்கை நிறுத்தினார். சன்னல்களைத் திறந்துவிட்டார். கையுறையை மாட்டி, முழங்காலில் நின்று, மட்டைத் துண்டால் உருண்டைகளை ஒன்றுசேர்த்துப் போத்தலுக்குள் விடத் தொடங்கினார்.

வாசலில் யோகமலர் குளிருக்கு ஒரு கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரன் லக்‌ஷனின் தாய் அவர்.

“பால் பொங்க முதல் கண்ணாடி உடைஞ்சிட்டுது. இனி இந்த வீடு விளங்குமோ?” என்றவரின் பார்வை மருமகள் ஆரணி மேல் போய் நின்றது. “மற்ற எல்லாரும் ஹோலில இருந்தவை. நடைப்பக்கம் நிண்டது நீர்தானே பிள்ளை?”

ஆரணிக்குத் திக்கென்றது. அவளுக்கு இது ஆறாம் மாதம். ஐயரைக் கூட்டிவரப் போன லக்‌ஷனும் இன்னும் வரவில்லை.

“நான் குசினியில நிண்டனான் மாமி...”

“வயித்தில பிள்ளையோட இருக்கிறவ பார்த்து நடக்க வேண்டாமோ? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்டெண்டால்...”

இனி குழந்தை தும்மினாலும் இந்தக் கண்ணாடிதான் காரணமாகும் என்று ஆரணிக்கு விளங்கியது.

“நான்தான் உடைச்சனான் அக்கா.” உள்ளேயிருந்து தவராசாவின் குரல். “கழட்டேக்க கை தவறிப்போச்சு.”

ஆரணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உடைந்த சத்தம் கேட்டபோது அவள் சமையலறைச் சன்னலால் இந்த மனுசனைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாள்? பக்கத்து ஒழுங்கையில் நின்ற தன் வான் வண்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாரே!

யோகமலர் விடவில்லை. “தெரியும்! வேலை தெரியாத ஆக்களைக் கூப்பிட்டால் இப்பிடித்தான். கோயிலில நாலு பேருக்குச் சொல்லாமல் விடமாட்டன்.”

“செவ்வாய்க்கிழமை எங்கட வீட்டுக்கும் வர வேண்டாம் அண்ணை,” என்றாள் சிவகௌரி. “நாங்கள் வேற ஆளைப் பாக்கிறம்.”

“சரி தங்கச்சி,” என்றார் தவராசா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஐயர் வந்தார். விசயத்தைக் கேட்டார். வேலைக்கு வந்தவர் உடைத்ததால் வீட்டுக்காரருக்கு ஒரு தோஷமும் இல்லை, மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. தவராசாவுக்கு மட்டும் ஒருவரும் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

ஆரணி தேத்தண்ணியோடு வானடிக்குப் போனாள். அவர் அந்தப் போத்தலை இறுக்கி மூடி, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வேறு வீடுகளில் கழற்றிய பழைய பெட்டிகளும் துணி சுற்றியபடி அதற்குள் இருந்தன.

“இதுகளைக் குப்பையில போட ஏலாது தங்கச்சி. பாதரசத்தைத் திருப்பி எடுக்கிற இடத்தில கொண்டுபோய்க் குடுக்க வேணும்.”

“அண்ணை, நான் அதை உடைக்கேல்லை. நீங்களும் உடைக்கேல்லை, நான் சன்னலால கண்டனான். பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்? உங்கட பெயரெல்லோ கெட்டுப்போச்சு. எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை.”

“நீங்கள் உடைக்கேல்லை எண்டு எனக்கும் தெரியும்.”

தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையை அவளிடம் நீட்டினார்.

“நான் இளக்கி விட்டுட்டுப் போன பெட்டியில கை தட்டி விழுந்திருக்கு. அதை ஆரும் காண முதல் கையால அள்ளப் பார்த்திருக்கினம். பாதரசம் பட்டால் தங்கம் வெள்ளி மாதிரி வெளுத்துப்போகும். காப்பைக் கழட்டி இதுக்குள்ள போட்டு மூட வேணும், கையையும் நல்லாக் கழுவ வேணும். அதுக்குப் பிறகு பாலைத் தொட்டால் போதும். சனம் பார்க்காமல், மெல்லமாச் செய்யுங்கோ.”

ஆரணி குழம்பிப்போய்த் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்ரை காப்பெல்லாம் மஞ்சளாத்தானே கிடக்கு அண்ணை?”

“உங்கடை இல்லைத் தங்கச்சி. சேலைத் தலைப்புக்குள்ள மாமி ஒளிச்சு வைச்சிருக்கிற கையில கிடக்கிறது.”